பின்பாக்கெட்டில் ரேஷன் கார்டு

இடுப்பு வலி என்று போனால், டாக்டர் இடுப்பைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "திரும்பி நில்லுங்க" என்றார். பேண்டின் வலது பின்பாக்கெட்டைப் பேனாவால் தட்டினார்.

"இது என்ன, செங்கல்லா?"

"பர்ஸ் சார்."

"இதுமேல உட்கார்ந்துதான் ஆபீஸ் வரைக்கும் கார் ஓட்டுறீங்களா?"

ஆமாம் என்றேன். ஒரு பக்கம் மட்டும் மேடாக வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தால் அந்தப் பக்கத்து நரம்பு நசுங்கி, வலி தொடை வழியாகக் கால்வரை இறங்குமாம். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். 1978லேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 'கிரெடிட் கார்டு வாலட் சயாட்டிகா' என்று தலைப்புப் போட்டு எழுதிவிட்டார்கள். நான் என்னமோ எனக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரை தருவார் என்று பார்த்தால், சீட்டில் 'பர்ஸைக் குறைக்கவும்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பழைய பேப்பரை விரித்துப் பர்ஸைக் கவிழ்த்தேன். அருப்புக்கோட்டையிலிருந்து மாமனார் வந்திருந்தார். காபி டம்ளரோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். டிவியில் ஓடியதைவிட இது நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

முதலில் விழுந்தவை பில்கள். எல்லாம் வெள்ளைத் தாள்கள். தெர்மல் பேப்பரில் மை கிடையாது, சூட்டில் கறுக்கிற பூச்சுதான். நாளாக ஆக எழுத்து வெளுத்துவிடும். அதில் ஒன்று ஃபிரிட்ஜ் பில், ஒன்று மிக்ஸி பில். எது எது என்று சொல்லத்தான் ஆளில்லை. அடுத்து என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள், தலையில் முடி இருந்த காலத்தவை. 'ஜி.எஸ்.டி. சாலைக்கு மிக அருகில்' மனை விற்கும் ஒருவரின் விசிட்டிங் கார்டு. முடிந்துபோன நகைச் சீட்டு அட்டை. எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத ஒரு சாவி. கடைசியாகப் பழனி விபூதிப் பொட்டலம். அது எப்போதோ பிரிந்து கொட்டியிருக்கிறது. டெபிட், கிரெடிட், மெட்ரோ என்று ஒரு கார்டு பாக்கியில்லாமல் பட்டை போட்டுக்கொண்டு நின்றன.

விபூதியைத் தட்டித் தட்டிக் கார்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து வந்த மனைவி ஒரு கார்டைக் குனிந்து எடுத்தாள்.

"என்னங்க இது?"

குடும்ப அட்டை. 2017இல் பழைய புத்தகத்துக்குப் பதிலாக அரசு கொடுத்ததே, அந்த ஸ்மார்ட் கார்டு.

"தீபாவளிக்கு முன்னாடியிருந்து பீரோவைக் கவுத்துப் போட்டுத் தேடிட்டிருக்கேன். உங்க பின்பாக்கெட்டுல உட்கார்ந்திருக்கு!"

"ஒருவேளை எங்கேயாவது அட்ரஸ் புரூஃப் கேட்டா..."

அன்றைக்கு நான் சொன்ன பதில்கள் எல்லாமே 'ஒருவேளை'யில்தான் ஆரம்பித்தன. ஒருவேளை போலீஸ் மறித்தால், ஒருவேளை ஒரு கார்டு வேலை செய்யாவிட்டால், ஒருவேளை திடீரென்று போட்டோ கேட்டால். "நடுரோட்டுல யாருங்க உங்ககிட்ட போட்டோ கேட்பா?" என்றாள். மாமனார் காபியைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

சரி, ஒவ்வொன்றாகப் பஞ்சாயத்து ஆரம்பித்தது.

ஆர்.சி. புத்தகத்தின் ஜெராக்ஸ், இன்ஷூரன்ஸ் ஜெராக்ஸ் இரண்டும் முதலிலேயே வெளியே போயின. 2018இல் மோட்டார் வாகன விதியையே திருத்தி, டிஜிலாக்கர், எம்பரிவாகன் என்கிற அரசு ஆப்களில் ஒன்றில் காட்டினால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். கவனிக்க வேண்டியது, அந்த ஆப்புக்குள் இருந்து காட்ட வேண்டும். கேலரியில் போட்டோ எடுத்து வைத்திருப்பதைக் காட்டி வாதாட முடியாது. லைசென்ஸுக்கும் அதே விதிதான். ஆனாலும் அட்டையை நான் விடவில்லை. போன் சார்ஜ் போகிற நேரத்தில்தான் போலீஸ் மறிப்பார் என்பது என் அனுபவம். மனைவி மன்னித்துவிட்டாள்.

ஆதார், பான் இரண்டுக்கும் மன்னிப்பு கிடைக்கவில்லை. நியாயம்தான். தினசரி வாழ்க்கையில் பான் கார்டை யாரும் கேட்பதில்லை. அது தொலைந்தால் மட்டும் எவனாவது அதை வைத்துக் கடன் வாங்கிவிட்டானோ என்று தூக்கம் கெடும். ஆதாரை எங்கேயாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற 'மாஸ்க்டு ஆதார்' என்று ஒன்றை, ஆதார் தருகிற யுஐடிஏஐயின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதைப் போனில் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் பேங்க் கார்டுகள். ஒரு கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர், உலகம் முழுக்க அதே அளவு. பத்தை அடுக்கினால் முக்கால் சென்டிமீட்டர். என்னிடம் இருந்தவற்றில் இரண்டு காலாவதியானவை, ஒன்று எப்போதோ மூடிய கணக்குடையது. அவற்றைக் கத்தரிக்கோலால் சிப்பின் குறுக்காகவே வெட்டினேன். மிச்சத்தில் ஒன்று பர்ஸுக்கு, ஒன்று பீரோவுக்கு என்று பிரித்தோம். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால், பர்ஸ் போன அன்றைக்கு வீட்டில் காபிப் பொடி வாங்கக்கூட வழியில்லாமல் போகும்.

"பின் நம்பரை எங்கேயும் எழுதி வைக்கலையே?" என்று மனைவி கேட்டதும் எங்கள் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவர் கெட்டிக்காரர். நம்பரை அப்படியே எழுதினால் திருடனுக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு துண்டுச் சீட்டில் 'பால் பாக்கி' என்று தலைப்புப் போட்டு, பக்கத்தில் அந்த நாலு எண்ணை எழுதிப் பர்ஸில் செருகி வைத்திருந்தார். ஒருநாள் பெரியம்மா சில்லறை எடுக்கப் போய்ச் சீட்டைப் பார்த்து, "இவ்வளவு பாக்கி வெச்சா அவன் எப்படிப் பால் ஊத்துவான்" என்று முழுத் தொகையையும் பால்காரரிடம் கொடுத்துவிட்டார். பால்காரர் யோக்கியர். "எனக்குப் பாக்கியே இல்லம்மா, அவ்வளவு ரூபாய் எப்படி வந்துச்சு?" என்று வாசலில் நின்று தொகையைச் சத்தமாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். தெருவுக்கே பெரியப்பாவின் பின் நம்பர் தெரிந்துபோனது.

மாமனாருக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்தது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் கட்சியை எடுத்து வைத்தார்.

"ஏன் மாப்ள, இவ்வளவு பாடு எதுக்கு? எங்க ஊர்ல யாரு பர்ஸ் வெச்சிருக்கா?"

அவர் ஏற்பாடு எனக்குத் தெரியும். சட்டைப் பையில் பஸ்ஸுக்கு, டீக்கு, வெற்றிலைக்கு என்று பத்தும் இருபதும். பெரிய பணம் வேட்டிக்கு உள்ளே பட்டாப்பட்டி டிராயரின் பையில், பிளாஸ்டிக் கவரில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு இருக்கும். சட்டைப் பையை எவனாவது அடித்தால் போகட்டும், டீக்காசுதான். உள்பையை எட்ட வேண்டுமானால் திருடன் முதலில் அவரைத் தூங்க வைக்க வேண்டும். அதிலும் அவர் குப்புறப் படுத்துத் தூங்குகிற ஆள்.

"செலவுக் காசு வேற, முதல் வேற. ரெண்டும் ஒரே பையில கிடந்தா ரெண்டும் செலவாகும், இல்லேன்னா ரெண்டும் திருடு போகும்" என்றார்.

கேட்கக் கேட்கச் சுரீரென்றது. என் போனில் ஜிபே இணைந்திருந்தது சம்பளக் கணக்கோடு. அதாவது முதலைக் கொண்டுபோய்ச் சட்டைப் பையில் வைத்து, ஊர் முழுக்க ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன். அன்றைக்கே மாற்றினேன். பழைய சேமிப்புக் கணக்கு ஒன்று சும்மா கிடந்தது. மாதச் செலவுக்கு மட்டும் அதில் போட்டு, யுபிஐயை அதோடு இணைத்தேன். டீ, இளநீர், ஆட்டோவுக்கு யுபிஐ லைட், அதாவது போனுக்குள் முன்கூட்டியே காசு போட்டு வைக்கிற குட்டிப் பர்ஸ். அதில் ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய் வரை பின் கேட்காது, மொத்தமே 5,000க்கு மேல் வைக்க முடியாது. நான் ஐந்நூறுதான் வைக்கிறேன். போன் போனால் அதோடு போகிற சட்டைப் பை அவ்வளவுதான்.

கார்டிலும் இதே கதை. தட்டினால் பணம் போகிற வசதியில் 2021 ஜனவரியிலிருந்து 5,000 ரூபாய் வரை பின் தேவையில்லை. பர்ஸை எடுத்தவனும் தட்டலாம். இதற்குப் பயந்து, அலைகளைத் தடுக்கிற அலுமினிய பர்ஸ் ஒன்றை ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கச் சொல்லி ஆபீஸ் நண்பர் ஒருவர் என் உயிரை எடுத்தார். அந்தத் தட்டல் சில சென்டிமீட்டர் தூரத்துக்குத்தான் எட்டும். அதற்கும் மேல், 2020 அக்டோபரிலிருந்து கார்டின் ஆன்லைன், வெளிநாடு, தட்டும் வசதி ஒவ்வொன்றையும் நாமே நிறுத்தவும் திறக்கவும் வசதி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. பேங்க் ஆப்பில் போய் நிறுத்தினேன். செலவு பூஜ்யம். நண்பர் மட்டும் இன்னும் அந்த அலுமினியப் பெட்டியோடு திரிகிறார். திறக்கும்போது 'டொக்' என்று சத்தம் வருகிறது, அந்தச் சுகத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

புதிதாக வாங்கியது கார்டு அளவே உள்ள ஒரு தோல் உறை. வாங்கி வந்ததும் ரூபாய் நோட்டு படுத்தியது. இப்போதைய ஐந்நூறு ரூபாய் நோட்டு 150 மில்லிமீட்டர் நீளம், 66 அகலம். இரண்டாக மடித்தால் உறைக்கு மேலே துருத்திக்கொண்டு, சட்டைக்கு வெளியே தெரிகிற பனியன் மாதிரி நிற்கிறது. நாலாக மடித்தால் உறை உப்புகிறது. மேஜை மேல் வைத்து மடித்து மடித்துப் பார்த்ததில், மூன்றாக மடித்தால் 50க்கு 66. கார்டுக்குப் பின்னால் கச்சிதமாக மறைந்துகொள்கிறது. நூறும் இருநூறும் இன்னும் குட்டை, அவற்றுக்கும் அதே மடிப்பு. இதைப் பெருமையாக மனைவியிடம் காட்டினேன். "எனக்குச் சாதாரண பஸ்ஸுல டிக்கெட்டே கிடையாது, நான் எதுக்கு நோட்டை மடிக்கணும்" என்று சொல்லிவிட்டுக் குடும்ப அட்டையோடு ரேஷன் கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

இத்தனைக்கும் பிறகு தொலைந்துவிட்டால்? பேங்குக்குச் சொல்ல வேண்டிய நம்பர் கார்டின் பின்பக்கம்தான் அச்சடித்திருக்கிறது. கார்டோடு அதுவும் போய்விடும். பதற்றத்தில் கூகுளில் தேடினால் கிடைக்கிற 'கஸ்டமர் கேர்' நம்பர்களில் பாதிக்குப் பாதி மோசடிக்காரர்களோ என்று எனக்குச் சந்தேகம். அதனால் கார்டைப் பார்த்து எழுதிய நம்பரும், பணம் மோசடியாகப் போனால் கூப்பிட வேண்டிய 1930ம் வீட்டுக் காலண்டரின் பின்னால் ஒட்டியாயிற்று. சொல்லிவிட்ட நேரத்துக்கு அப்புறம் போகிற பணத்துக்கு பேங்க்தான் பொறுப்பு என்று 2017லேயே ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. அதனால் அழுது முடித்துவிட்டுப் போன் பண்ணலாம் என்று இருக்கக் கூடாது, பண்ணிவிட்டு அழலாம். இன்னொன்று, சிம்முக்கும் பின் நம்பர் பூட்டு போட்டேன். போனைத் திறக்க முடியாவிட்டால் திருடன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓடிபி வாங்கிவிடுவான். இந்தப் பூட்டு இருந்தால் அது நடக்காது. மூன்று தடவை தப்பாகப் போட்டால் சிம்மே முடங்கிவிடும் என்பதை நாமும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாமனார் ஊருக்குக் கிளம்பிய அன்று கிளாம்பாக்கம் வரை கூடப் போனேன். உறை முன்பாக்கெட்டில். இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத கனம், அதனால் நடுநடுவே தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். பிக்பாக்கெட்காரனுக்கு இதைவிடத் தெளிவாக அடையாளம் காட்ட முடியாது என்று மாமனார் சொன்னதும் கையை எடுத்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே டீ குடித்தோம். போனை எடுத்தால் சிக்னல் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்றாக மடித்த ஐந்நூறை உருவினேன். டீக்கடைக்காரர் அதைப் பிரித்து நீவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சில்லறை இல்ல சார், காலங்காத்தால" என்று திருப்பித் தந்தார். மறுபடியும் போனை ஆட்டிப் பார்த்தபடி மாமனாருக்கு யுபிஐ லைட்டின் அருமையை விளக்கினேன்.

"பின் நம்பரே கேட்காது மாமா. போட்ட காசுக்கு மேல ஒரு பைசா போகாது. உங்க போன்லயும் போட்டுத் தரட்டுமா?"

"போட்ட காசுக்கு மேல போகாதா?"

"போகவே போகாது."

"எடுத்த உடனே கொடுத்துடலாமா?"

"உடனே."

"அது எனக்குச் சட்டையிலயே தச்சு வந்துருச்சு மாப்ள" என்று சொல்லி, சட்டைப் பையில் விரலை விட்டு இரண்டு டீக்கும் சரியான சில்லறையை எடுத்துக் கொடுத்தார்.