கல்லடியில் இருந்து அக்கரைப்பற்று வரை: ஒசிலோஸ்கோப் தெரிவு செய்யப் போன பயணம்

மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் ஒசிலோஸ்கோப்பை (சுருக்கமாக ஸ்கோப்) விபரத்தாளை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது, நாம் நிதமும் மல்லுக்கட்டும் சேர்க்கிட்டை அதன் முன்னால் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. மட்டக்களப்பில் இருக்கும் எனக்கு அதற்குத் தோதான வழி, ஏற்கெனவே ஸ்கோப் வைத்திருப்பவர்களின் மேசைக்கே போவதுதான். கல்முனையில் ஒருவர், ஒலுவிலில் ஒருவர், அக்கரைப்பற்றில் ஒருவர். மூவரும் வரச் சொன்னார்கள். சனிக்கிழமை காலையில் அக்கரைப்பற்று பஸ் ஏறிவிட்டேன்.

பைக்குள் மூன்று சாமான்கள். முதலாவது, வாவிக்குள் இறக்கிச் சத்தம் பிடிக்க நான் செய்துகொண்டிருக்கும் ஒலிவாங்கி: அதிர்வை மின்னாக்கும் ஒரு பியசோ தகடும் அதற்கொரு சின்ன முன்பெருக்கியும். கல்லடிப் பாலத்தைத் தாண்டும்போது இதை ஏன் செய்கிறேன் என்று எவருக்கும் விளக்கத் தேவையில்லை. 1924ஆம் ஆண்டின் பழைய லேடி மானிங் பாலம் பக்கத்தில் நிற்க, வாகனங்கள் 2013இல் திறந்த புதுப் பாலத்தால் போகின்றன. முழுநிலா இரவில் இந்தப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரிலும் மறு நுனியைக் காதிலும் வைத்துப் பாடும் மீனைக் கேட்பது ஊர் வழக்கம். அந்த ஓசையின் அலைவடிவத்தைத் திரையில் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இரண்டாவது, மாமாவின் கோழிக்கூட்டுக்காக ஈஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலரை வைத்துச் செய்த போர்ட். ஐ-டூ-சி என்ற இரண்டு கம்பித் தரவு வழியே வெப்பநிலையையும் ஈரப்பதனையும் வாசிக்கும். மூன்றாவது, செத்துப்போன எல்ஈடி வெளிவிளக்கொன்றின் மின்வழங்கி.

மூன்றும் கேட்பது மூன்று விதம். பியசோவுக்குச் சில மில்லிவோல்ட்; மீடிறனோ (அதிர்வெண்) காதுக்குக் கேட்கும் அளவுதான். ஈஎஸ்பிக்கு 400 கிலோஹேர்ட்ஸ் துடிப்புகளை எழுத்தாகப் பிரித்துக் காட்ட வேண்டும். மின்வழங்கிக்குள் 325 வோல்ட் நிற்கும், ஏனென்றால் நம் வீட்டு 230 வோல்ட்டின் உச்சம் அதுதான்.

காத்தான்குடியின் பேரீச்சைகள், ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி எல்லாம் கடந்து, ஓந்தாச்சிமடத்துக்கும் கல்லாற்றுக்கும் நடுவே இரு பக்கமும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போனால், மருதமுனையின் தறிச் சத்தத்துக்குப் பிறகு கல்முனை.

நானாவின் திருத்தும் கடையில் இருப்பது ஹிட்டாச்சி வி-212. இரண்டு சனல் (ஒரே நேரத்தில் இரண்டு அலை பார்க்கலாம்), 20 மெகாஹேர்ட்ஸ், பச்சைக் கோடு ஓடும் பழைய அனலொக் வகை. குழாய்த் தொலைக்காட்சிக் காலத்தில் வாங்கியது. இப்போது அதிலேயே சோலார் இன்வேர்ட்டர் வரை திருத்துகிறார். முன்பெருக்கியைக் கொடுத்ததும் அலை உடனே வந்து நின்றது. பியசோ தகட்டை விரலால் தட்டினேன், கோடு துள்ளியது. குமிழைத் திருப்பிய அந்தக் கணமே கோடு அசையும், இடையில் ஒரு தாமதமும் இல்லை. ஆனால் ஒரே ஒரு முறை வந்து போகும் துடிப்பை இது பிடித்து வைத்திருக்காது.

மின்வழங்கிப் போர்டை வெளியே எடுத்ததும் நானா கையை நீட்டி மறித்தார்.

"தம்பி, இதுல ஸ்கோப்புட ஏர்த் கிளிப்ப எங்க குத்துவீங்க?"

"பிரிட்ஜுக்கு அங்கால இருக்கிற நெகட்டிவ்ல குத்தமாட்டன் நானா. அது நெகட்டிவ்தான், ஏர்த் இல்லையே."

"அப்ப உள்ளுக்கு வாங்க," என்று மேசைக்குப் பின்னால் கதிரையை இழுத்துப் போட்டார்.

புதிதாக ஸ்கோப் வாங்க நினைக்கும் எல்லோரும் இதைத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். சேர்க்கிட்டைத் தொடும் புரோப்பின் கறுப்புக் கிளிப், அது ஸ்கோப்பில் செருகும் பிஎன்சி இணைப்பியின் வெளிவளையம் வழியாக, மின்கம்பியின் மூன்றாவது ஊசி வழியாக, வீட்டு ஏர்த்தோடு நேரே சேர்ந்திருக்கிறது. ஏசியை டீசியாக்கும் நாலு டயோட் பிரிட்ஜின் நெகட்டிவோ ஒவ்வொரு வட்டத்திலும் ஓர் அரையில் டயோட் வழியே லைனோடு சேர்கிறது. அதில் கிளிப்பைக் குத்தினால் லைனை ஏர்த்தோடு கட்டிய கணக்கு. நல்ல காலமென்றால் ட்ரிப் சுவிட்ச் விழும். இல்லாவிட்டால் பிரிட்ஜும் புரோப்பும் போய்விடும், ஸ்கோப்பும் போகலாம். சிலர் ஸ்கோப்பின் ஏர்த் ஊசியைக் கழற்றிவிட்டு வேலை செய்கிறார்கள். அப்போது பிஎன்சி வளையமும் ஸ்கோப்பின் இரும்பு உடம்பும் சேர்ந்து உயிர் மின்னில் நிற்கும். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

நானாவின் வழி சரியானது. மேசைக்கடியில் ஒன்றுக்கு ஒன்று சுற்றிய தனிமைப்படுத்தும் நிலைமாற்றி: அதே வோல்ட்டைத் தரும், ஆனால் வீட்டு லைனோடும் ஏர்த்தோடும் கம்பித் தொடர்பு இருக்காது. திருத்தும் போர்டுக்கு மின் அதன் வழியாகத்தான் போகும், ஸ்கோப்பின் ஏர்த் அப்படியே இருக்கும். வோல்ட்டைப் பத்திலொன்றாகக் குறைக்கும் பத்துக்கு ஒன்று புரோப்பைப் போட்டு, ஒரு கட்டத்துக்கு 50 வோல்ட் என்று வைத்தார். கோடு ஆறரைக் கட்டம் ஏறி நின்றது. நிலைமாற்றிக்கு அப்பால் ட்ரிப் சுவிட்ச் நம்மைக் காப்பாற்றாது என்பதால் ஒரு கை மேசைக்குக் கீழேதான். மின்வழங்கியில் சுவிட்சாக வேலை செய்யும் மொஸ்ஃபெட் ட்ரான்சிஸ்டரின் டிரெயின் காலில் 500, 600 வோல்ட் வரை பாயக்கூடும். அங்கே நூறுக்கு ஒன்று புரோப் இல்லாமல் அவர் கிட்டவும் போகமாட்டார்.

தேத்தண்ணி குடித்துவிட்டு மீண்டும் பஸ். சாய்ந்தமருதைக் கடந்து காரைதீவு. 1892இல் சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர். விஞ்ஞானம் படித்த அந்தத் துறவி பழந்தமிழ் யாழின் சுரங்களைக் கணக்குப் போட்டு ஆராய்ந்தவர். பியசோவும் முன்பெருக்கியுமாக இந்த ஊரைக் கடப்பது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்திருக்கும் பொறியியல் பீடத் தம்பியிடம் இருப்பது சிக்லென்ட் எஸ்டிஎஸ்1104எக்ஸ்-ஈ. நாலு சனல், 100 மெகாஹேர்ட்ஸ். ஈஎஸ்பியின் இரண்டு கம்பிகளில் புரோப்பைப் போட்டு ஐ-டூ-சி டிகோடை இயக்கினான். அலைக்குக் கீழே முகவரியும் தரவும் பெட்டி பெட்டியாக வந்தன. இடையிடையே சென்சர் பதில் சொல்லாமல் விட்ட இடமும் தெரிந்தது. கூர்ந்து பார்த்தால் அந்த இடத்தில் துடிப்பு செங்குத்தாக ஏறாமல் வளைந்து வளைந்து ஏறுகிறது: கோழிக்கூடு வரை இழுத்த நீளக் கம்பியின் கொள்ளளவத்துக்கு கம்பியை மேலே இழுத்துப் பிடிக்கும் என் புல்-அப் தடையின் பெறுமதி கூடிவிட்டது. பத்து கிலோஓமை எடுத்து 2.2 வைத்ததும் ஓரம் நிமிர்ந்தது. மல்டிமீட்டரால் ஒருநாளும் இதைக் கண்டிருக்க மாட்டேன்.

மெகாஹேர்ட்ஸ் எத்தனை வேண்டும் என்ற கேள்வியை அங்கேயே பேசி முடித்தோம். 50 மெகாஹேர்ட்ஸ் ஸ்கோப் என்றால், அந்த மீடிறனில் வரும் சைன் அலையைச் சுமார் 70 சதவீத உயரத்துக்குத்தான் காட்டும். ஓரங்களைப் பார்க்க 0.35ஐப் பட்டையகலத்தால், அதாவது அந்த மெகாஹேர்ட்ஸ் எண்ணால், வகுத்தால் ஸ்கோப் காட்டக்கூடிய ஆகக் குறுகிய ஏறும் நேரம் வரும்: 50க்கு 7 நனோசெக்கன், 100க்கு 3.5. என் வேலைக்கு 50 தாராளம். மாதிரி எடுக்கும் வேகத்தில்தான் கவனம் வேண்டும். பெட்டியில் செக்கனுக்கு ஒரு கிகா மாதிரி என்று போட்டிருந்தாலும் சனல்கள் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். ரிகோல் டிஎஸ்1054இசட்டில் நாலு சனலும் திறந்தால் சனலுக்கு 250 மெகாதான். இந்தச் சிக்லென்டில் 500.

அக்கரைப்பற்று நண்பரின் மேசையில் ரிகோல் டிஎச்ஓ804. 12 பிட், நாலு சனல், 70 மெகாஹேர்ட்ஸ், தொடுதிரை. பழைய 8 பிட் ஸ்கோப் திரையின் உயரத்தை 256 படியாக வெட்டுகிறது. இது 4096 ஆக. கட்டத்துக்கு ஒரு வோல்ட், எட்டுக் கட்டம் என்றால் 8 பிட்டில் ஒரு படி 31 மில்லிவோல்ட், 12 பிட்டில் 2. ஈஎஸ்பியின் 5 வோல்ட் வழங்கலில் ஏறி இறங்கும் 20 மில்லிவோல்ட் சிற்றலையை, அந்த 5 வோல்ட்டோடு சேர்த்தே ஒரே திரையில் பெருப்பித்துப் பார்த்தோம். நிலையான வோல்ட்டை வெட்டிவிடும் ஏசி கப்ளிங் போட்டு 8 பிட்டிலும் சிற்றலையைப் பார்க்கலாம், ஆனால் அடியில் நிற்கும் 5 வோல்ட் மறைந்துவிடும். பியசோவைப் போட்டபோதுதான் என் மனம் இங்கே சாய்ந்தது: பலமாகத் தட்டிய அலையும் மெல்ல உரசிய அலையும் ஒரே பதிவில், இரண்டும் தெளிவாக. வாவிக்குள் படகு எஞ்சினும் மீனும் ஒன்றாகத்தானே கேட்கும்!

இது யூஎஸ்பி-சி வழியே மின் எடுக்கிறது. அதனால் ஏர்த் உள்ளே வருகிறதா என்று பிஎன்சி வளையத்துக்கும் பிளக்கின் ஏர்த் ஊசிக்கும் இடையே மல்டிமீட்டரால் பார்க்க வேண்டும். ஏர்த் வராவிட்டாலும் நிம்மதி இல்லை. நாலு கிளிப்பும் உள்ளே ஒன்றோடொன்று சேர்ந்தவை, மடிக்கணினியை இணைத்தால் அதன் வழியாகவும் ஏர்த் வந்துவிடும்.

நான் எடுக்கப் போவது டிஎச்ஓ804. வெளிநாட்டு விலையே 400 டொலரைச் சுற்றி, அதற்கு மேல் கப்பல் கூலியும் வரியும். கையில் அவ்வளவு இல்லாதவர், ஒலிபெருக்கியும் மின்வழங்கியும் மட்டும் திருத்துபவர், நல்ல நிலையில் உள்ள பழைய 20 மெகாஹேர்ட்ஸ் அனலொக் ஒன்றைத் தாராளமாக எடுக்கலாம். கடற்கரை ஊரில் இருந்த பெட்டியானால் பிஎன்சி வளையங்களில் உப்புத் துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், ஒவ்வொரு குமிழையும் திருப்பிக் கோடு குதிக்கிறதா என்று பாருங்கள். மைக்ரோகன்ட்ரோலர் தொடுபவருக்கு நாலு சனலும் டிகோடும் வேண்டும், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

திரும்பும் வழியில் கல்முனையில் இறங்கி, 500 விஏ தனிமைப்படுத்தும் நிலைமாற்றி ஒன்று சுற்றித் தரச் சொல்லி நானாவிடம் முற்பணம் கொடுத்தேன். ஸ்கோப்புக்கு அதன் பிறகுதான் ஓடர் போடுவேன்.