ஜாவா 250: கையைக் கடிக்காமல் ஒரு பழைய வண்டியை மீட்ட அனுபவம்

பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்த ஜாவா 250 மோட்டார் சைக்கிள் இப்போது ஓடுகிறது. கண்ணைப் பறிக்கும் பளபளப்பு எதுவும் அதில் இல்லை. ஹேண்டில்பாரில் குரோமியம் ஆங்காங்கே பொரிந்திருக்கிறது, பின் மட்கார்டில் பழைய நெளிவு அப்படியே இருக்கிறது. ஆனால் பிரேக் பிடித்த இடத்தில் வண்டி நிற்கிறது, விளக்கு மங்காமல் எரிகிறது, மிதித்தால் இன்ஜின் உயிர் பெறுகிறது. கையில் இருந்த பணம் கொஞ்சம்தான். அதை எதற்கு முதலில் செலவழிப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று முடிவு செய்வதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி என்பேன். ஸ்பேனர் பிடிப்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

வண்டி 353 வகையைச் சேர்ந்தது. 1954-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் வெளிவந்து, பிறகு மைசூரிலும் உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்ட குடும்பம் இது. ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் இன்ஜின், 65 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 75 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். கியர் மாற்றும் லீவரையே உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் அது கிக்கராகிவிடும். கியர் லீவரை அழுத்தும்போது கிளட்சும் தானாகவே விடுபடும். அந்தக் காலத்தில் இப்படி யோசித்த மனிதர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. பின் செயின் முழுக்க ஒரு தகரக் கூட்டுக்குள் ஓடுகிறது. இத்தனை ஆண்டு அலட்சியத்துக்குப் பிறகும் கூட்டைத் திறந்தபோது செயினில் கிரீஸ் ஈரமாகவே இருந்தது. செயினுக்கும் பல் சக்கரங்களுக்கும் ஒரு காசு செலவில்லை.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் துருவைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். நான் முதலில் பார்த்தது எண்களை. சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆவணங்களோடு ஒத்துப்போகவில்லை என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த வண்டி வேண்டாம். அடுத்து, காணாமல் போன பாகங்கள். துருப்பிடித்த பாகத்தைச் சரி செய்யலாம். இல்லாத பாகத்தைத் தேடி அலைவதில்தான் பணமும் பொறுமையும் கரையும். இதில் கார்புரேட்டர் மூடியும் கருவிப் பெட்டியின் மூடியும் முதற்கொண்டு எல்லாமே இருந்தன. அதனால்தான் துணிந்தேன்.

பிரிப்பதற்கு முன் எல்லாப் பக்கமிருந்தும் படம் எடுத்துக்கொண்டேன், குறிப்பாக ஒயர்களும் கேபிள்களும் போகும் வழியை. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அதன் வாஷரோடு சிறு பைகளில் போட்டு, எந்த இடத்தைச் சேர்ந்தது என்று எழுதி வைத்தேன். இறுகிப்போன போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருப்பதும், கழற்றுவதற்கு முன் இம்மியளவு இறுக்கிப் பார்ப்பதும் பெரும்பாலும் போதுமாக இருந்தது. மசியாதவற்றுக்குச் சூடு காட்டினேன். பழைய போல்ட்டுகளைக் கம்பித் தூரிகையால் துடைத்து மீண்டும் போடுவதுதான் என் வழக்கம். பழைய வண்டியில் புத்தம் புதிய எவர்சில்வர் போல்ட்டுகள் மின்னுவது எனக்கு உறுத்துகிறது.

பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. இப்படிப்பட்ட இன்ஜினில் கிக்கர் மீது ஏறி மிதிப்பது கூடவே கூடாது. கிக்கரின் பல்லோ ஷாஃப்டோ உடைந்தால் செலவு இரட்டிக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து துளை வழியாக விட்டு, ஊற விட்டேன். அதற்குப் பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தேன். டாப் கியரில்தான் சக்கரத்தில் கொடுக்கும் விசை கிராங்குக்கு, அதாவது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டுக்கு, அதிகமாகப் போய்ச் சேரும். முதலில் அசைவே இல்லை. பிறகு ஒரு நூலளவு. பிறகு முழுச் சுற்று. அந்த முதல் முழுச் சுற்றில் உள்ளங்கையில் உணர்ந்த மெல்லிய இழுவை என்னால் மறக்க முடியாதது.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் அறையும் காற்றுப் புகாமல் இருந்தாக வேண்டும். பெட்ரோலும் காற்றும் அங்கே வந்து அழுத்தப்பட்டுத்தான் மேலே போகின்றன. நின்று போன வண்டிகளில் கிராங்கின் இரு பக்கத்து ஆயில் சீல்களும் மரம் மாதிரி கெட்டியாகிவிடும். ஒரு பக்கம் கசிந்தால், கிராங்கையும் கிளட்சையும் இணைக்கும் பிரைமரி செயினுக்கான எண்ணெயை இன்ஜின் உறிஞ்சிப் புகையாகத் தள்ளும். மறுபக்கம் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவை நீர்த்து, பிஸ்டன் அளவுக்கு மேல் சூடாகும். அதனால் இன்ஜினைத் தொட்டால் சீலும் பேரிங்கும் மாற்றாமல் மூடக் கூடாது என்று தீர்மானித்திருந்தேன். இரண்டும் பொது அளவில் கிடைக்கும் பொருள்கள், விலையும் அதிகமில்லை. பெரிய செலவு கிராங்கில்தான் காத்திருக்கும். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழுமாக இழுத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். மேல்கீழ் ஆட்டம் இருந்தால் கிராங்கைப் பிரஸ்ஸில் பிரித்துப் புது கிராங்க் பின்னும் பேரிங்கும் போட வேண்டும். இதில் துளி ஆட்டமும் இல்லை. பட்ஜெட் தப்பியது.

சிலிண்டருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பிஸ்டன் வளையத்தைச் சிலிண்டருக்குள் நேராக இறக்கி, அதன் இரு நுனிகளுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தால் தேய்மானம் தெரியும். புதிய வளையத்துக்குக் கால் மில்லிமீட்டரை ஒட்டி இடைவெளி இருக்கலாம். இங்கே அது பல மடங்கு. துரு பிடித்த இடத்தில் குழிகளும் விழுந்திருந்தன. லேத்தில் கொடுத்து, முதல் ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு (ஒரு படி பெரியது) பொருத்தமாகப் போரிங் செய்து, அதாவது உள்சுவரைக் கடைந்து, வாங்கினேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பல வண்டிகள் இங்கேதான் கெட்டுப்போகின்றன. போரிங் முடிந்து வரும் சிலிண்டரில், கலவையும் புகையும் போய்வரும் போர்ட் துளைகளின் விளிம்பு கத்தி மாதிரி கூராக இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். வளையம் ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் துளைகளைக் கடக்கிறது. கடக்கும்போது சற்றே வெளியே பிதுங்கி, பிறகு உள்ளே வர வேண்டும். விளிம்பு கூராக இருந்தால் வளையம் மாட்டிக்கொண்டு ஒடியும், ஒடிந்த துண்டு சிலிண்டரைக் கிழிக்கும். சிறிய எண்ணெய்க் கல்லைக் கையில் பிடித்து ஒவ்வொரு துளையின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் மென்மையாகச் சரித்துவிட்டேன். பிறகு சோப்பு நீரில் வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை சிலிண்டரைக் கழுவி, உடனே எண்ணெய் பூசினேன். பெட்ரோலில் கழுவினால் போரிங் தூள் நுண்கீறல்களுக்குள் தங்கிவிடும். சோப்பு நீர்தான் அதை வெளியே கொண்டுவரும். வளையங்களைப் போடும்போது அவற்றின் நுனிகள் பிஸ்டன் பள்ளத்தில் இருக்கும் சிறு முள்ளின் மீது சரியாக அமர்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். வளையம் சுழன்று அதன் நுனி போர்ட்டுக்குள் போய்விடாமல் காக்கிற முள் அது.

பெட்ரோல் டேங்கின் உள்ளே துரு செதில் செதிலாக உதிர்ந்தது. கடையில் விற்கும் பூச்சுகளை வாங்காமல் மின்பகுப்பு முறையில் சுத்தம் செய்தேன். பெட்ரோலின் வாடை முழுவதும் போகும்வரை டேங்கை நன்றாகக் கழுவிவிட்டு, குழாய்த் துளையை அடைத்து, சலவைச் சோடா கரைத்த தண்ணீரை நிரப்பினேன். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி அளவு போதும். மூடி வழியாக ஓர் இரும்புக் கம்பியை, டேங்கில் எங்கும் படாதபடி ரப்பரால் தாங்கி உள்ளே தொங்கவிட்டேன். பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் டேங்குக்கு, பாசிட்டிவ் கம்பிக்கு. மாற்றிக் கொடுத்தால் டேங்கின் தகரமே கரையும். எவர்சில்வர் கம்பி கூடாது, அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாகத் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு குமிழ் விட்டு வெளியேறுவதால் திறந்த வெளியில், தீப்பொறிக்கு வழியில்லாத இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். கம்பியின் மேல் பழுப்புச் சேறு படியப் படிய வேகம் குறையும், அவ்வப்போது எடுத்துத் துடைத்துப் போட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே சாம்பல் நிற இரும்பு மட்டும் தெரிந்தது. தண்ணீரை வடித்த சில நிமிடங்களில் புதுத் துரு படரத் தொடங்கிவிடும். அதனால் உடனே சூடான காற்றில் உலர்த்தி, டூ ஸ்ட்ரோக் எண்ணெயை உள்ளே சுழற்றிப் பூசினேன்.

கார்புரேட்டர் ஜிகோவ் என்ற தயாரிப்பு. பிரித்து, மிதவையைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை இல்லை என்று உறுதி செய்து, ஜெட்டுகளைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்தேன். ஜெட்டில் கம்பி விடக் கூடாது. துளை ஒரு மயிரிழை அகன்றாலும் கலவையின் கணக்கு மாறிவிடும்.

பணத்தின் பெரும்பங்கு சக்கரங்களுக்குப் போனது. அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. பழைய டயரில் பட்டன் (சாலையைப் பற்றும் மேடுகள்) நன்றாகவே இருந்தது. ஆனால் பக்கச் சுவரில் வெடிப்புகள், ரப்பரும் இறுகிக் கிடந்தது. இப்படிப்பட்ட டயரை ஈரச் சாலையில் நம்ப முடியாது. டயர், டியூப், ரிம் பட்டை எல்லாம் புதிது. ரிம்களைத் துருவெடுத்துத் தக்கவைத்துக்கொண்டேன். ஸ்போக்குகளை மாற்றி, சக்கரத்தைச் சுழலவிட்டு, சுண்ணாம்புக் குச்சி உரசும் இடத்தை வைத்து நெளிவு எடுத்தேன். பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டே வேலை செய்தேன். ஷூக்களுக்குப் புது லைனிங் ஒட்டி, கேபிள்களை மாற்றினேன்.

மின்சாரத்தில் ஒரு நீண்ட யோசனைக்குப் பிறகு 6 வோல்ட்டையே வைத்துக்கொண்டேன். 12 வோல்ட்டுக்கு மாற்றச் சொன்னவர்கள் நிறையப் பேர். 6 வோல்ட் விளக்கு மங்கலாக எரிவதற்குப் பெரும்பாலும் ஒயர்தான் காரணம் என்பது என் எண்ணம். 24 வாட் பல்பு 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் இழுக்கும், 6 வோல்ட்டில் 4. அதே ஒயரில் மின்னழுத்த இழப்பும் இரண்டு மடங்கு. அரை வோல்ட் வழியிலேயே போனால் 12 வோல்ட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள், 6 வோல்ட்டில் கண்ணுக்கே தெரியும். எனவே பொரிந்து நொறுங்கிய பழைய ஒயர்களைத் தூக்கியெறிந்து, தடிமனான ஒயரில் முழு இணைப்பையும் நானே கட்டினேன். எர்த் (மின்சாரம் வண்டியின் உடல் வழியே திரும்பும் இணைப்பு) வரும் இடங்களில் பெயின்டைச் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் சேர வைத்தேன். டைனமோவில் கார்பன் பிரஷ் உரசும் கம்யூட்டேட்டரைத் துடைத்து, பிரஷ்ஷை மாற்றியதும் அது சார்ஜ் கொடுக்கத் தொடங்கியது. பிளக்கில் தீப்பொறி வரும் நேரத்தை முடிவு செய்யும் பிளாட்டினம் பாயிண்ட்டின் இடைவெளி 0.4 மி.மீ., கண்டென்சர் புதிது.

பெயின்ட் அடிக்கவில்லை. டேங்கின் பக்கவாட்டில் முழங்கால் படும் ரப்பரைக் கழற்றியபோது அதன் அடியில், வெயிலே படாத ஒரு நீள்வட்டத்தில், தொழிற்சாலையில் அடித்த அடர் சிவப்பு அப்படியே இருந்தது. சுற்றிலும் வெளுத்த நிறம், நடுவில் அந்த ஆழமான சிவப்பு. அதைப் பார்த்த பிறகு மேலே வேறு பெயின்ட் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. மெல்லிய ரப்பிங் காம்பவுண்டும் மெழுகும் கொண்டு தேய்த்ததில் வெளுப்பு பாதிக்கு மேல் போய்விட்டது. குரோமியத்தில் இருந்த துருப்புள்ளிகளை, அலுமினியத் தாளைச் சுருட்டித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தே எடுத்தேன். முலாம் உரிந்துபோன இடங்கள் அப்படியே இருக்கின்றன.

இன்ஜினை எழுப்பிய அன்று 1:20 கலவை ஊற்றினேன், அதாவது லிட்டர் பெட்ரோலுக்கு 50 மி.லி. எண்ணெய். கார்புரேட்டரின் மிதவையை அமுக்கும் டிக்லர் பொத்தானை அழுத்திப் பெட்ரோல் கசிய விட்டு மிதித்தேன். இருமல் ஒன்று, பிறகு அடர்ந்த புகை, பிறகு அந்த 'டப் டப்' என்ற தாளம். உள்ளே பூசியிருந்த எண்ணெய் எரிந்து முடியும்வரை புகை போனது. இரண்டு சைலன்சருக்கும் பின்னால் கையை வைத்துப் பார்த்தேன். வலதில் காற்று விட்டுவிட்டுக் கையை அடித்தது, இடதில் ஏதோ மூச்சு மாதிரி. இடது சைலன்சரின் உள்குழாயை இழுத்தால் துளைகள் எல்லாம் கார்பன் அடைத்துக் கிடந்தன. காஸ்டிக் சோடா கரைசலில் ஊறப்போட்டு எடுத்தேன். கையுறையும் கண்ணாடியும் அவசியம், சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், அலுமினியப் பாகம் எதுவும் அருகில் வரக் கூடாது. மீண்டும் மாட்டியதும் இரு பக்கமும் ஒரே அழுத்தம், இன்ஜினின் ஓசையே மாறிவிட்டது.

இப்போது பிஸ்டனைப் பழக்கும் ஓட்டம் நடக்கிறது. ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டுவதில்லை, ஏற்றத்தில் திணற விடுவதில்லை, இடையிடையே நிறுத்தி ஆற விடுகிறேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உலர்ந்த பழுப்பு. வெள்ளையாக இருந்தால் எங்கோ காற்றுக் கசிவு என்று மறுபடி தேட வேண்டியிருக்கும். பழகி முடிந்ததும் 1:25-க்கு மாறுவேன். மீதமிருக்கும் வேலைகளில் முன் ஃபோர்க்கின் எண்ணெய்க் கசிவு முதலில் வருகிறது. வேகமானியின் முள் நடுங்குகிறது, கேபிளில் கிரீஸ் போதவில்லை என்று நினைக்கிறேன். ஹேண்டில்பாருக்கு முலாம் போடுவது கடைசி வரியில் இருக்கிறது. அடுத்து சேரும் பணம் ஃபோர்க் சீலுக்கு.