ப-வின் மூலையில் கை வைக்காதீர்கள்

வாடிக்கையாளர் “கொஞ்சம் விளையாட்டாக இருக்கட்டும்” என்று சொன்னால், எங்கள் வடிவமைப்பு அலுவலகத்தில் எல்லாருடைய கையும் முனை மழுங்கிய உருண்டை எழுத்துருக்களைத்தான் தேடும். அந்த வழக்கம் புதிதல்ல. 1922-இல் வந்த கூப்பர் பிளாக் என்ற உருண்டை எழுத்துரு இன்னும் கடைப் பலகைகளில் உலவுகிறது. 1979-இல் ஃபோக்ஸ்வாகன் கார் நிறுவனம் தனக்கென்று செய்துகொண்டதும் ஓர் உருண்டை எழுத்துதான்.

நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள சிங்கப்பூரில் சிக்கல் வேறு. பொட்டலத்தில் ஆங்கிலம் துள்ளும். அடியில் தமிழ் மட்டும் விறைத்து நிற்கும். தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் இருக்காது. கணினி ஓசையில்லாமல் தன் கைவசம் உள்ள ஒன்றைப் போட்டுவிடும். தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது கண்ணில் படுவதே இல்லை.

சிராங்கூன் சாலையில் முறுக்குக் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவுக்குப் பொட்டலத்தில் ஒட்டும் புதிய வில்லை (லேபிள்) செய்தபோது, முதலில் பாலூ தம்பியை எடுத்துப் பார்த்தேன். மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கிய இலவச எழுத்துரு அது. மலையாளத்துக்குப் பாலூ சேட்டன், தமிழுக்குப் பாலூ தம்பி. பெயரிலேயே குறும்பு! ஆனாலும் கடைக்கென்று தனி எழுத்துதான் வேண்டும் என்றார் அக்கா. வரையத் தொடங்கினேன்.

ஓலையில் எழுதியதால் தமிழ் ஏற்கெனவே வட்டமானது, இன்னும் உருட்டுவது எளிது என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வரைந்து பார்க்காதவர்கள் சொல்வது அது. ட, ப, ம மூன்றும் மூலையை நம்பி வாழும் எழுத்துகள். ப-வின் அடி மூலைகளை வளைத்தால், ஆங்கிலமும் தமிழும் கலந்த பொட்டலத்தில் அது ஆங்கில ‘U’ ஆகிவிடும். அதனால் வெளி ஓரத்தை மட்டும் மெதுவாக மழுக்கி, உள் மூலையைக் கூராகவே விட்டேன். தடிமன் கூடும்போது வேறொரு தொல்லை: சுழிகளின் உள்வெளி அடைபட்டு, ண எது ன எது என்று தெரியாது. புள்ளியும் கோட்டின் தடிமனுக்கு ஈடாகப் பெருக்க வேண்டும். க் மேல் வைத்த புள்ளியைப் பார்த்துவிட்டு அக்கா சொன்னார்: “எள்ளுருண்டை அளவுக்கு இருக்கிறதே தம்பி, குறைத்துவிடுங்கள்.” குறைத்தேன். அவர் கண் சரியான கண்.

அதே எழுத்துச் சாயலை ஒரு சிறுவர் இதழின் ஆசிரியர், பக்கம் முழுவதற்கும் கேட்டார். அங்கே நான் பிடிவாதமாக மறுத்தேன். வீட்டில் ஆங்கிலமே பேசிவிட்டுத் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் அவர்கள். ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் பிரிப்பது மேலே உள்ள அந்தச் சின்னச் சுழிதான்; வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் தந்ததாகச் சொல்லப்படும் வேறுபாடு. தடித்த உருண்டை எழுத்தைச் சிறிய அளவில் அச்சிட்டால் முதலில் மறைவது அதுதான். அழகுக்காக ‘பெ’யும் ‘பே’யும் ஒன்றாகிப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒருவழியாக ஆசிரியர் இறங்கிவந்தார். தலைப்புக்கும் புதிர்ப் பகுதிக்கும் உருண்டை எழுத்து. கதைகளுக்குச் சாதாரண எழுத்து. மேலே ‘தி’யின் விசிறியும் கீழே ‘பு’வின் காலும் நீளும் தமிழுக்கு வரி இடைவெளி தாராளமாக வேண்டும் என்பதால் ஒரு படத்தைச் சிறிதாக்கினோம். ஓவியருக்கு என்மேல் இன்னும் வருத்தம்.