ஊசி பிளஸ்ஸில் 24, மைனஸில் 13

மூன்று வாரமாக மனதைக் குடைந்துகொண்டிருந்த விஷயம் ஞாயிற்றுக்கிழமை கைக்கு வந்துவிட்டது. ஒரு கோணி ஊசி, எதிரே ஒரு அலுமினியத் தட்டு, நடுவில் காற்று. பழைய கலர் டிவியில் கழற்றிய, பிக்சர் டியூபுக்கு உயர் வோல்டேஜ் தரும் ஈ.எச்.டி. டிரான்ஸ்பார்மருக்குள்ளேயே டயோடு இருப்பதால் டிசி கிடைக்கிறது. ஊசியை பிளஸ்ஸில் மாட்டினால் 24 மி.மீ. வரை பொறி தாண்டுகிறது. ஒயரை மாற்றி மைனஸில் மாட்டினால் 13-க்கு மேல் தாண்டவே இல்லை.

வோல்டேஜை அளக்க 25 மி.மீ. பேரிங் குண்டு இரண்டை எதிரெதிரே வைத்தேன். 6 மி.மீ. இடைவெளியில் பொறி விழுந்தது. சீரான மின்புலத்தில் காற்று சென்டிமீட்டருக்குச் சுமார் 30 கிலோவோல்ட் தாங்கும் என்பதால், கிட்டத்தட்ட 20 கிலோவோல்ட் என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறை அணைத்ததும் எர்த் கம்பியால் தொட்டுவிட்டுத்தான் கை வைப்பேன்.

முதல் இரண்டு வாரம் அளவு தாறுமாறாக வந்தது. ஊசிக்கு ஸ்டாண்டு கடைய கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனபோது, அங்கிருந்த அண்ணன் தட்டைத் தடவிப் பார்த்து, "ஓரம் கத்தியாட்ட இருக்குதுங்க தம்பி, கையக் கிழிச்சுப்போடும். உருட்டித் தரட்டுங்களா?" என்றார். அவர் கைக்காகச் சொன்னார். என் சிக்கலும் அதில்தான் இருந்தது. அந்த ஓரமே இன்னொரு ஊசியாக வேலை செய்திருக்கிறது. உருட்டியபின் அளவு நிலைத்தது.

மைனஸ் ஊசியில்தான் பொறி நீளும் என்று நினைத்திருந்தேன், எலக்ட்ரான் அங்கிருந்துதானே கிளம்புகிறது! நடந்ததோ தலைகீழ். காரணம் காற்றில் தேங்கும் மின்னூட்டம், அதாவது ஸ்பேஸ் சார்ஜ். ஊசிமுனையில் காற்று முதலில் உடையும்போது எலக்ட்ரானும் நேர் அயனியும் பிறக்கின்றன. எலக்ட்ரான் அயனியைவிடப் பல நூறு மடங்கு வேகம். ஊசி பிளஸ் என்றால் எலக்ட்ரான்கள் சட்டென்று ஊசிக்குள் போய்விட, நேர் அயனிகள் முனைக்கு முன்னால் மேகமாக நிற்கின்றன. ஊசியே தட்டை நோக்கி வளர்ந்த மாதிரி. மேகத்துக்கும் தட்டுக்கும் நடுவே மின்புலம் ஏறுகிறது, பொறி தாண்டுகிறது.

ஊசி மைனஸ் என்றால் எலக்ட்ரான்கள் தட்டுப் பக்கம் ஓடி, வழியில் ஆக்சிஜனோடு ஒட்டிக்கொண்டு மெதுவான எதிர் அயனிகளாகப் பரவுகின்றன. நேர் அயனிகள் முனையை ஒட்டியே நிற்பதால் மின்புலம் அங்கேயே குவிகிறது. மொத்த வோல்டேஜ் ஒன்றுதான்; தலைமடையிலேயே தண்ணீர் தீர்ந்தால் கடைமடை காய்வதுபோல, மீதி இடைவெளிக்கு மின்புலம் போதவில்லை. விளக்கை அணைத்துப் பார்த்தால் மைனஸ் ஊசியில் ஊதா நிறத்தில் ஒரு குட்டிப் புள்ளி; பிளஸ்ஸில் நூல் நூலாகப் பிரியும் ஒளி. அந்தப் புள்ளியை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவு அழகு.

மைனஸ் ஊசியின் மின்னோட்டம் தொடர்ச்சியாக ஓடாமல் துடிப்புத் துடிப்பாக வரும் என்று டிரிச்செல் என்ற ஆய்வாளர் 1938-இல் காட்டினார். அயனி மேகம் மின்புலத்தை அமுக்க மின்னோட்டம் அடங்குகிறது, மேகம் நகர்ந்ததும் மறுபடி தொடங்குகிறது. அதையும் பார்த்துவிட வேண்டும். ஊசியைப் பொறி விழாத 20 மி.மீ.-க்குத் தள்ளிவைத்து, மின்னோட்டத்தை அளக்கத் தட்டுக்கும் எர்த்துக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் பற்றவைத்தாயிற்று. துடிப்பைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பை நண்பர் அடுத்த ஞாயிறு கொண்டுவருகிறார்.