2024 படக் கொப்பி: ஒரு படத்துக்கு இரண்டு புள்ளி

2024 ஜனவரி முதல் கிழமையில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சீஆர் கொப்பி வாங்கினேன். கிழமைக்கு ஒரு படம், வருடத்துக்கு 52. பார்த்த அன்றிரவே பத்துக்கு ஒரு புள்ளி. முப்பது நாள் கழித்து, முதல் புள்ளியைப் பார்க்காமல், இன்னொரு புள்ளி. இரண்டும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

இந்த யோசனைக்குக் காரணம் என் வாய்தான். தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் "இந்த வருடத்தின் சிறந்த படம்" என்று நான் அறிவிக்காத மாதம் கிடையாது. டிசம்பரில் கந்தோரில் யாராவது "பிடித்த ஐந்து படம் சொல்லு" என்று கேட்டால், நவம்பருக்கு முன்னால் பார்த்த ஒன்றும் ஞாபகத்தில் இருக்காது. அப்படியென்றால் நான் அந்த இரவுகளில் புகழ்ந்தது எதை?

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 52 வரவில்லை, 43 தான். தியேட்டரில் 17, வீட்டில் 26. செப்டம்பர் 21 என்ற திகதிக்கு நேரே "இல்லை" என்று எழுதியிருக்கிறேன். ஜனாதிபதித் தேர்தலன்று இரவு பத்து மணிக்கு ஊரடங்கு வந்தது, படம் போடும் மனநிலையில் வீட்டில் ஒருவரும் இல்லை, எல்லோரும் முடிவு பார்த்துக்கொண்டிருந்தோம். மே மாதத்தில் மூன்று கிழமை ஒன்றுமே இல்லை. அதற்குக் காரணம் சோம்பல்.

செய்முறையில் பட்ட பாடுகளும் உண்டு. தொடக்கத்தில் படம் ஓடும்போதே போன் வெளிச்சத்தில் குறிப்பெடுத்தேன். பின் வரிசையில் இருந்த ஒரு அன்ரி, "தங்கச்சி, பரீட்சை எழுதுறதெண்டா வீட்டை போய் எழுதுங்கோ" என்றார். நியாயம்தான். அதன்பிறகு படம் முடிந்து வீடு வந்துதான் எழுதுவது. மூன்று வரி மட்டும்: மனதில் நின்ற ஒரு காட்சி, காதில் நின்ற ஒரு வசனம், எந்த இடத்தில் மணிக்கூட்டைப் பார்த்தேன் என்பது. கடைசி வரிதான் உண்மையைப் பேசியது. புகழ்ந்து தள்ளிய படத்திலும் இடைவேளைக்குப் பிறகு மூன்று தரம் மணிக்கூட்டைப் பார்த்திருப்பேன்.

இன்னொரு கண்டுபிடிப்பு, ஒட்டும் தாள். முதல் புள்ளி கண்ணில் பட்டால் இரண்டாவது அதன் பின்னாலேயே நடக்கிறது. பெப்ரவரியில் எழுதிய எல்லாப் படத்துக்கும் இரண்டு புள்ளியும் ஒன்றாகவே இருந்ததைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்தது. பிறகு முதல் புள்ளியை எழுதியவுடனே அதன்மேல் ஒரு கீற்றுத் தாளை ஒட்டிவிடுவேன். வருடக் கடைசியில் 38 படத்துக்கு இரண்டாவது புள்ளியும் இருந்தது. அதில் 11 படம் இரண்டு புள்ளியோ அதற்கு மேலோ நகர்ந்திருந்தது. எட்டு இறங்கியவை, மூன்று ஏறியவை. இறங்கிய எட்டில் ஏழு தியேட்டரில் பார்த்தவை. ஏறிய மூன்றும் வீட்டில் பார்த்தவை. இதைக் கண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். ஆக, அன்றிரவுப் புள்ளியில் பாதியை நான் கொடுத்தது குளிரூட்டிக்கும் இடைவேளையில் சாப்பிட்ட ரோல்ஸுக்கும் பக்கத்தில் இருந்து சிரித்தவர்களுக்கும்.

'மகாராஜா' நல்ல உதாரணம். நித்திலன் சாமிநாதனின் படம், விஜய் சேதுபதிக்கு ஐம்பதாவது. "லட்சுமியைக் காணவில்லை" என்று ஒரு முடிதிருத்துநர் பொலிசுக்குப் போகிறார். லட்சுமி என்பது வீட்டுக் குப்பைத்தொட்டி. கால வரிசையைக் குலைத்துப் போட்டு, கடைசியில் எல்லா நூலும் ஓரிடத்தில் வந்து சேரும்போது மண்டபமே மூச்சை இழுத்தது. நானும்தான். அன்றிரவு 9. முப்பது நாள் கழித்துக் கண்ணை மூடி யோசித்தால் அந்த முடிச்சு ஞாபகம் வருகிறது, மனிதர்கள் வரவில்லை. முடிச்சை இறுக்குவதற்காக ஒரு பெண்பிள்ளைக்கு நடக்கும் கொடுமையை எடுத்துப் பாவித்திருக்கிறார்கள் என்ற எண்ணம் மட்டும் கசப்பாக மேலே வந்தது. 7. தொட்டிக்கு மட்டும் புள்ளி போடச் சொன்னால் இன்றைக்கும் பத்துதான்.

'மஞ்ஞும்மல் பாய்ஸ்' அந்தளவு இறங்கவில்லை, 9 இலிருந்து 8. 2006இல் கொச்சிப் பக்கத்து நண்பர் கூட்டம் ஒன்று கொடைக்கானலுக்குப் போய், குணா குகையில் ஒருவன் விழுந்துவிட, இன்னொருவன் கயிற்றில் இறங்கி மீட்ட உண்மைச் சம்பவம். 'கண்மணி அன்போடு' எழும்பிய இடத்தில் தியேட்டர் முழுக்கக் கைதட்டியது. அந்தப் பாட்டு இருந்த 'குணா' வந்த 1991இல் பிறந்தே இராத பிள்ளைகளும் தட்டினார்கள். மலையாளப் படம், தமிழ்ப் பாட்டு, கொழும்பில் கைதட்டல். அந்த ஒரு புள்ளி இறக்கம் கைதட்டலுக்கு உரியது என்று வைத்துக்கொள்ளலாம். 'இந்தியன் 2'க்கு அன்றிரவு 4 போட்டேன். முப்பதாம் நாள் யோசித்தேன், பாவம், ஒரு காட்சியும் வரவில்லை. கோடு போட்டு விட்டுவிட்டேன்.

'கொட்டுக்காளி'தான் என்னை வெட்கப்பட வைத்தது. வினோத்ராஜின் இரண்டாவது படம். முதல் படம் 'கூழாங்கல்' 2021இல் ரொட்டர்டாம் படவிழாவில் புலி விருது வாங்கியது. இதில் வேறு சாதிப் பையனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, குடும்பமே ஒரு ஆட்டோவிலும் மோட்டார் சைக்கிள்களிலும் சாமியாடியிடம் கூட்டிப் போகிறது. கூடவே கால் கட்டிய சேவல் ஒன்று. அன்னா பென் படம் முழுக்க வாய் திறப்பதே அபூர்வம். சூரி தொண்டை கட்டி, கழுத்தில் சுண்ணாம்பு பூசிக்கொண்டு திரிகிறார். பின்னணி இசையே கிடையாது.

எங்கள் வீடு கடற்கரை ரயில் பாதைக்குக் கிட்ட. இசை இல்லாத படத்தை அங்கே பார்ப்பது எப்படி என்று யோசியுங்கள். தூரத்தில் ரயில் வரும் சத்தம் படத்துக்குள்ளே இருந்து வருகிறது என்று நினைத்து நான் மலைப்பாதையில் ரயிலைத் தேடினேன். நடுவில் தம்பி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டான், கேஸ்காரர் மணியடித்தார். கடைசிக் காட்சி முடிந்து திரை இருண்டதும் அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, கரண்ட் போயிட்டுதோ?" என்றார். கரண்ட் இருந்தது. படம்தான் அப்படி முடிந்தது. எரிச்சலில் 5 போட்டு ஒட்டிவிட்டேன்.

பிறகு அந்தப் படம் போகவே இல்லை. பஸ்ஸில் 100ஆம் நம்பரில் நெருக்கிக்கொண்டு போகும்போது, ஆண்கள் கூட்டமாகச் சத்தம் போட ஒரு பெண் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தால், மீனாவின் முகம் வரும். சேவலையும் அவளையும் இயக்குநர் ஒருதரம்கூட வாய்விட்டு ஒப்பிடவில்லை, நான்தான் வீட்டுக்கு வந்தபிறகு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். சத்தமே வைக்காததால், வீட்டில் நடக்கும் எந்தச் சத்தமும் அதை ஞாபகப்படுத்துகிறது. இரண்டாவது புள்ளி 8. தாளை உரித்து 5ஐப் பார்த்தபோது யாரோ வேறு ஆள் போட்டது மாதிரி இருந்தது.

ஏறியதில் இன்னொன்று 'ஆட்டம்'. நாடகக் குழுவில் பன்னிரண்டு ஆண்கள், ஒரே பெண். அவளுக்கு நடந்த அத்துமீறலுக்கு என்ன செய்வது என்று ஆண்கள் கூடிக் கதைக்கிறார்கள். வசனம் அதிகம், நான் களைத்துப்போய்ப் பார்த்தேன், 6. பிறகு கந்தோரில் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஆதாயம் வரும்வரை எல்லோரும் நியாயம் பேசுகிற அந்த நெளிவு அப்படியே கண்ணுக்கு முன்னால் நடந்தது. 8.

மூன்றாவது, கொப்பியில் அதிகப் புள்ளி எடுத்ததும் அதுதான்: பிரசன்ன விதானகேயின் 'பாரடைஸ்'. எங்கள் நாட்டு இயக்குநர், மலையாளப் படம். 2023இல் பூசான் படவிழாவில் விருது பெற்றது. கல்யாண நாளைக் கொண்டாட ஒரு கேரளத் தம்பதி பொருளாதார நெருக்கடி நடந்த 2022இல் இலங்கைக்கு வருகிறது, இராமாயணத் தலங்கள் பார்க்க. அவர்களின் போன், லேப்டொப் திருட்டுப் போகிறது. பொலிஸ் சந்தேகத்தில் கொண்டுவந்து நிறுத்துவது தமிழ் இளைஞர்களை.

அன்று 7 போட்டதற்குக் காரணம், நான் படத்தைப் பார்க்கவில்லை, பின்னணியைப் பார்த்தேன். எரிபொருள் வரிசை வந்தால் "அது எந்தச் சந்தி?" மின்வெட்டு வந்தால் "எங்களுக்கு அப்ப எத்தனை மணித்தியாலம்?" 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை நானும் தம்பியும் படத்தின் மேலேயே கதைத்துக்கொண்டிருந்தோம். அந்த வருடத்தை நாங்கள் வாழ்ந்ததால் படத்துக்குப் பிழை பிடிக்கும் உரிமை இருக்கிறது என்ற நினைப்பு. முப்பது நாளில் வரிசைகளும் மின்வெட்டும் உதிர்ந்துபோய், அந்த மனைவி தன் கணவனைப் பார்க்கும் பார்வை மட்டும் மிஞ்சியது. நாடே பற்றியெரியும்போது காணாமல்போன லேப்டொப்புக்காக ஒரு மனிதன் எவ்வளவு தூரம் போவான் என்பதை அவள் படிப்படியாகக் கண்டுகொள்கிறாள். தர்ஷனா ராஜேந்திரனின் முகத்தில் அது நடக்கிறது. 9.

அசையாத படங்களும் இருக்கின்றன. 'லாபதா லேடீஸ்' 7, பிறகும் 7. முக்காடு போட்ட இரண்டு மணப்பெண்கள் ரயிலில் மாறிப்போகும் கதை. மணிக்கூட்டுப் பத்தி வெறுமையாக இருந்த சில படங்களில் ஒன்று. அம்மாவுக்கு ஹிந்தி ஒரு சொல் தெரியாது, திரைக்குக் கீழே ஓடும் எழுத்தையும் வாசிக்கவில்லை, ஆனால் எனக்கு முன்னாலேயே சிரித்தார்.

'லப்பர் பந்து' 8, பிறகும் 8. ரப்பர் பந்துக் கிரிக்கெட் கதை. இங்கே அதைச் சொஃப்ட்போல் என்போம், பந்து வேறு, சண்டை ஒன்றுதான். தம்பி சனிக்கிழமை மட்ச் ஆடுகிறவன், அதனால் 'கெத்து' தினேஷ் துடுப்பைத் தூக்கும் ஒவ்வொரு தரமும் எனக்கு விரிவுரை நடந்தது. எனக்கு நின்றது சுவாசிகா டிராக்டரை எடுத்துவந்து கிரவுண்டை உழுவது. மாமனாருக்கும் மருமகனாக வரப்போகிறவனுக்கும் இடையிலான ஈகோ, ஊர் அணியில் யாருக்கு இடம் என்ற சாதிக் கணக்கு, இரண்டையும் பிரசங்கம் இல்லாமல் ஒரே மைதானத்தில் வைத்தது சின்ன வேலை இல்லை. 'வாழை' 8 இலிருந்து 7. கடைசி இருபது நிமிடம் என்னைப் பிழிந்தது. ஆனால் பின்னாளில் ஞாபகம் வந்தது அதுவல்ல, பள்ளிக்கூடம் போக ஆசைப்படும் பையனின் கழுத்தில் வாழைத்தார் அழுத்தும் பாரமும், ரஜினியா கமலா என்று இரண்டு பொடியள் போடும் சண்டையும்தான். அந்த அழுகை இன்னும் கொஞ்சம் அடக்கமாக இருந்திருக்கலாம் என்பது என் கட்சி.

இனி 'மெய்யழகன்'. இதில் என் முறை உடைந்தது.

வெளியான முதல் வார இறுதியிலேயே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தியேட்டருக்கு வந்து பல வருடம். 1996இல் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன அருள், இருபது சொச்சம் வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். "அத்தான், அத்தான்" என்று ஒருவன் ஒட்டிக்கொள்கிறான். அவன் பெயர் அருளுக்கு ஞாபகம் இல்லை, கேட்கவும் கூச்சம். இரவு முழுக்கக் கதைக்கிறார்கள். கிட்டத்தட்ட அவ்வளவுதான் கதை.

படம் முடிந்து மரைன் டிரைவ் வழியே நடந்து வந்தோம். அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்குக் கிட்ட வந்ததும், "உரும்பிராயிலை பக்கத்து வீட்டுப் பொடியன்… சைக்கிள்ளை மூட்டை கட்டித் தந்தவன். அவன்ர பேர் என்ன?" என்றார். 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்தில் போர் நெருங்க, வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தைத் தாண்டிய இரவு. அம்மாவுக்கும் பெயர் தெரியவில்லை. அன்றிரவு 9 போட்டேன்.

சில நாட்களில் படத்தில் சுமார் 18 நிமிடத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது, நீளம் என்று சிலர் குறைப்பட்டதால். அப்பாவிடம் சொன்னேன். "கதைக்கிறதுதானே படம். அதை வெட்டினா என்ன மிச்சம்?" என்றார். அவருக்கு நல்ல வசதி, ஏனென்றால் அவர் வெட்டாமல் கதைத்துக்கொண்டிருந்தார். ரொறன்ரோவில் இருக்கும் சித்திக்குப் போன் எடுத்தார், சித்தி அந்தப் பொடியன் "குட்டி" என்றார். லண்டன் மாமா, குட்டி அவனுடைய தமையன், இவன் "கண்ணன்" என்று சாதித்தார். அந்த ஒழுங்கையில் கண்ணன் என்று ஒருவருமே இருக்கவில்லை என்பது பெரியம்மாவின் வாக்கு.

முப்பதாம் நாள் போனில் நினைவூட்டல் அடித்தபோது அப்பா நான்காவது ஆளோடு லைனில் இருந்தார். பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். படத்துக்குப் புள்ளி போடுவதா, வீட்டில் நடப்பதற்கா? கோவிந்த் வசந்தாவின் இசையை நினைத்தால் பக்கத்து அறையில் அப்பாவின் குரல் கேட்கிறது. பிரிக்கத் தெரியவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டேன், இன்னும் காலிதான். அதனால் பட்டியலில் 'மெய்யழகன்' இடம் பெறவில்லை. தம்பி இதை ஊழல் என்கிறான்.

2025 கொப்பிக்குச் சில மாற்றம். இலக்கு 36 ஆகக் குறைந்திருக்கிறது, 52 எல்லாம் வேலைக்குப் போகிறவருக்கு ஆகாது. தியேட்டருக்கு நீலப் பேனா, வீட்டுக்குக் கறுப்பு. யாரோடு பார்த்தேன் என்று ஒரு பத்தி புதிதாக. ரயில் போனதா என்று இன்னொரு பத்தி போடலாமா என்று யோசித்தேன், அது கொஞ்சம் கூடிப்போகும்.

முதல் படம் எழுதியாயிற்று: 'குடும்பஸ்தன்', ஜனவரி 26, அம்மாவோடும் தம்பியோடும். அம்மா இடைவேளையில் இரண்டு ரோல்ஸ் வாங்கித் தந்தார். எத்தனை புள்ளி என்று தம்பி கேட்டுக்கொண்டே இருக்கிறான். தாள் ஒட்டியிருக்கிறது, பெப்ரவரி 25 வரைக்கும் உரிக்க முடியாது.