அந்த வேகவைத்த கிழங்கை விட்டுவிடாதீர்கள்

காரைக்குடியில் நம் பள்ளி ஆய்வகத்தில் சவ்வூடு பரவல் (சவ்வைக் கடந்து தண்ணீர் செறிவு மிகுந்த கரைசலுக்குள் போவது) என்றால் மேசைமேல் இரண்டு உருளைக்கிழங்குகள் இருக்கும். ஒன்று பச்சை, மற்றொன்று வேகவைத்தது. இன்று சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ பிள்ளைகளுக்குச் செய்துகாட்டும்போது இரண்டாவது எதற்கு என்று தோன்றும். சோதனையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

கிழங்கு கெட்டியாக இருக்க வேண்டும், வாடியது உதவாது. தோலை ஒட்டச் சீவுங்கள், அதிலுள்ள தக்கைத் திசு தண்ணீரை விடாது. அடியைத் தட்டையாக வெட்டி, மேலிருந்து குடைந்து, அடியில் ஒரு சென்டிமீட்டர் கனம் நிற்க விடுங்கள். 20 கிராம் சர்க்கரையைக் கரைத்து 100 மி.லி. ஆக்கிய கரைசலைப் பாதிக் குழி வரை ஊற்றி, மட்டத்தில் உள்பக்கமாகக் குண்டூசி குத்துங்கள். ஊசி சுவரைத் துளைத்து வெளியே வந்தால் கசியும். பிறகு தண்ணீர்த் தட்டில் வையுங்கள். முதல் பீரியடில் வைத்தால் மதியச் சாப்பாடு முடிந்து வரும்போது மட்டம் ஊசியைத் தாண்டியிருக்கும்.

சர்க்கரையில் சிக்கனம் பிடித்தால் ஏமாற்றம்தான். பத்து சதவீதக் கரைசல், கிழங்குச் செல்லின் சாற்றுச் செறிவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். மட்டம் அசைவதே தெரியாது.

இனி வெந்த கிழங்கு. குடைந்த பிறகு வேகவையுங்கள், ஆனால் குழைய விடாதீர்கள். ஆறியதும் அதே கரைசல், அதே ஊசி. மட்டம் ஏறாது. சூட்டில் செல் சவ்வு சிதைந்து, சர்க்கரையும் தாராளமாக வெளியே போய்விடுகிறது. செல்சுவர் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அது எதையும் தடுப்பதில்லை. 1748-இல் பிரான்சின் இயற்பியலாளர் நொல்லே, சாராயம் நிரப்பிய பாத்திரத்தின் வாயில் பன்றியின் சிறுநீர்ப்பையைக் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தியபோது அது உப்பியது. அங்கே வேலை செய்தது உயிரற்ற தோல். கிழங்கிலோ உயிருள்ள செல். இந்த வேறுபாட்டைப் பச்சைக் கிழங்கு மட்டும் காட்டாது.

கரைபொருள் கடப்பதையும் காட்ட வேண்டுமென்றால் டயாலிசிஸ் குழாய் (சிறு மூலக்கூறுகளை மட்டும் விடும் நுண்துளைச் சவ்வுக் குழாய்) போதும். தண்ணீரில் ஊறவைத்து, ஒரு முனையை இறுக முடிந்து, வடித்த கஞ்சியை ஊற்றி, மறுமுனையையும் கட்டி, வெளிப்புறத்தை நன்றாகக் கழுவுங்கள். வெளியே ஒட்டிய கஞ்சி முதலிலேயே நீலமாகிக் கணக்கைக் கெடுக்கும். டிஞ்சர் அயோடினைத் தேநீர் நிறத்துக்கு நீர்த்து அதில் போட்டால், அயோடின் உள்ளே நுழைந்து கஞ்சி கருநீலமாகும். ஸ்டார்ச் பெரிய மூலக்கூறு என்பதால் வெளியே வராது, வெளிநீர் பழுப்பாகவே நிற்கும். கஞ்சி முழுக்க ஆறியிருக்க வேண்டும்: சூட்டில் அந்த நீலம் தோன்றாது.