பதினைந்து பேர் வேண்டும்

மலேசிய இடைநிலைப் பள்ளிகளில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் பதினைந்து என்ற எண்ணை மறக்கமாட்டார்கள். 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் பள்ளியில் தமிழ் வகுப்புக்கு வழி செய்யவேண்டும் என்று 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொன்னது. அதைத்தான் நாம் பி.ஓ.எல். (Pupils' Own Language, மாணவரின் தாய்மொழி) வகுப்பு என்றோம். ஆங்கிலம் தவிர மற்றப் பாடங்களெல்லாம் மலாய்மொழியில். பள்ளி விட்டபின், பினாங்கின் மதிய வெக்கையில், காலியாகக் கிடக்கும் வகுப்பறை எதுவென்று தேடிப் பிடித்து உட்கார்ந்து தமிழ் படித்தோம்.

1985-இல் நாங்கள் மூன்றாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.ஆர்.பி. தேர்வை முடித்து நான்காம் படிவத்துக்கு வந்தோம் (இடைநிலைப் பள்ளி வகுப்பைப் படிவம் என்போம்). ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழை எடுப்பதா, விடுவதா என்று முடிவு செய்யவேண்டிய நேரம். "தமிழ் எடுத்தா ரிசல்ட் கெட்டுப் போயிடும்" என்ற பேச்சு அப்போதுதான் பரவியது. யார் சொன்னது என்று கேட்டால் ஒவ்வொருவரும் இன்னொருவரைக் காட்டினார்கள். ஒருவனுக்கு அண்ணன் சொன்னாராம், இன்னொருத்திக்கு டியூஷனில் சொன்னார்களாம். எஸ்.பி.எம். தமிழ்த் தாளை எங்களில் ஒருவர்கூட அதுவரை பார்த்ததில்லை. தமிழில் எப்போதும் முதலில் வருகிற பையனும் விடப்போவதாகச் சொன்னான். அவனே விடுகிறான் என்றால் விஷயம் உண்மைதான் என்று மற்றவர்கள் முடிவுகட்டினார்கள். மற்றவர்கள் எல்லாரும் விடுகிறார்களே என்றுதான் அவன் விட நினைத்திருக்கிறான். அது பிறகு தெரிந்தது.

எங்கள் தமிழாசிரியர் ஐயா காலையில் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்திவிட்டு மோட்டார் சைக்கிளில் வருபவர். ஒருநாள், "யாரெல்லாம் எஸ்.பி.எம்.முக்குத் தமிழ் எடுக்கப் போறீங்க? கையைத் தூக்குங்க" என்றார். ஒரு கையும் எழவில்லை. எல்லாரும் பக்கத்தில் இருப்பவரை ஓரக்கண்ணால் பார்த்தோம். ஐயா கோபப்படவில்லை, தமிழின் பெருமையைப் பேசவும் இல்லை, காத்திருந்தார். அந்தப் பொறுமைக்கு இன்றும் அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

கடைசி வரிசையில் ஒரு மாணவி இருந்தாள். எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வருவாள். பினாங்குப் பாலம் அந்த ஆண்டு செப்டம்பரில்தான் திறந்தார்கள். அதிகம் பேசமாட்டாள், வகுப்பில் முதலிடம் பெறுபவளும் அல்ல. "நான் எடுக்கிறேன் ஐயா" என்று கையைத் தூக்கினாள். அவ்வளவுதான். அடுத்து ஒரு கை, அதற்கடுத்து என் கை, பிறகு முன்வரிசையில் அந்தப் பையனுடைய கையும். ஐயா பெயர்களை எழுதி முடித்தபோது பட்டியல் பதினைந்தைத் தாண்டியிருந்தது.

நான் இப்போது மெல்பர்னில் ஒரு பள்ளியில் மாணவர் ஆலோசகர். இங்கே உளவியல் படித்தபோதுதான் சாலமன் ஆஷ் 1951-இல் வெளியிட்ட ஆய்வை அறிந்தேன். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். ஒரே நீளமுள்ளது எது என்று சொல்லவேண்டும். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவர் தவிர மற்ற எல்லாரும் ஆய்வாளருடைய ஆட்கள். அவர்கள் ஒரே குரலில் தவறான விடையைச் சொல்வார்கள். அந்த ஒருவராக வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள்.

இந்த ஆய்வைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆஷ் அதன்பின் செய்ததுதான் நம் பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய செய்தி. கூட்டத்தில் ஒரே ஓர் ஆளை மட்டும் சரியான விடை சொல்லவைத்தார். தவறுகள் கால்பங்காகக் குறைந்தன. இன்னொரு தடவை, துணைநின்ற அந்த ஆள் நடுவில் வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார். தவறுகள் கொஞ்சம் கூடின. ஆனால் மற்றொரு தடவை அப்படித் துணைநின்றவரே கூட்டத்தின் பக்கம் மாறியபோது கூடிய அளவுக்கு அல்ல. ஆள் போனபின்னும் அவர் தந்த பலத்தில் கொஞ்சம் அறையில் தங்கியிருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஐந்தாம் படிவம் நினைவுக்கு வந்தது. முதலில் கை தூக்கிய அந்த மாணவியின் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. ஆண்டின் நடுவில் மாற்றலாகிக் குடும்பத்தோடு ஈப்போவுக்குப் போய்விட்டார்கள். "அவளே போயிட்டா, நாம எதுக்கு?" என்று பழைய பேச்சு மறுபடி கிளம்பியது. ஒருவரும் விடவில்லை. கட்டுரை எழுதச் சோம்பல் வந்தால், "அவ இருந்தா இந்நேரம் எழுதி முடிச்சிருப்பா" என்று யாராவது சொல்வார்கள். உடன் இருப்பவர்கள் மட்டுமல்ல, இருப்பதாக நாம் நினைத்துக்கொள்பவர்களும் நம் எண்ணத்தையும் உணர்வையும் நடத்தையையும் மாற்றுகிறார்கள் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் எழுதினார். எங்களுக்கு அது ஈப்போவில் இருந்த ஒரு தோழி.

கூட்டம் என்றாலே கெடுதல் என்று நான் சொல்லவரவில்லை. தைப்பூசத்துக்கு முதல்நாள் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெள்ளிரதம் போகும் வழியில் நின்றவர்களுக்கு அது தெரியும். வேடிக்கை பார்க்கப் போனவனும் தேங்காய் சிதறும் சத்தத்தில் "வேல் வேல்" என்பான். நியூயார்க் நடைபாதையில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் ஆட்களை நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொன்னார். ஒருவர் பார்த்தபோது வழிப்போக்கர்களில் 4 விழுக்காட்டினர்தான் நின்றார்கள். பதினைந்து பேர் பார்த்தபோது 40 விழுக்காட்டினர் நின்றார்கள். பதினைந்து! அந்த எண்ணைப் படித்ததும் எனக்கு ஐயாவின் பட்டியல்தான் கண்ணில் வந்தது.

1996-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே பதினைந்துதான். அதே தயக்கமும் அப்படியே இருப்பதாக நம் பள்ளிக்குப் போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். அதனால் நம் பழைய மாணவர் சங்க உறுப்பினர்களிடம் ஒன்று கேட்கிறேன். விடுமுறைக்கு ஊருக்குப் போனால், தமிழாசிரியரிடம் அனுமதி கேட்டு மூன்றாம் படிவப் பிள்ளைகளைப் பாருங்கள். பரிசு, அன்பளிப்பு எதுவும் வேண்டாம். எஸ்.பி.எம்.மில் தமிழ் எடுத்தேன் என்று சொல்லுங்கள். எத்தனை மார்க் வாங்கினீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். அதையும் உள்ளபடி சொல்லுங்கள்.